ஊரை வரைந்த நிருபர்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாத் தெருவின் அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கி நிற்க இடம் கிடைக்காது. மல்லிகை தொடுக்கும் கை நிற்பதில்லை. சேலைக்கடை வாசலில் ஒரு பையன் மலாயில் விலை சொல்லித் தமிழில் கணக்குப் பார்க்கிறான். 1863-இல் முதன்முதலாக எழுப்பப்பட்டு, இன்றும் தமிழில் ஜும்ஆ உரை நடக்கும் பள்ளிவாசலின் படியில் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றுகிறார். அந்தக் கூட்டத்துக்குள் லாட்டின் கார்ட்டூன் தொகுப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். படத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்ப்பதற்குத்தான் வந்திருந்தேன்.

லாட் என்று மலேசியா முழுக்க அறிந்த முகமட் நோர் காலிட் பிறந்தது 1951-இல், பேராக் மாநிலத்துக் கோத்தா பாருவில். கிளந்தான் தலைநகர் அல்ல. கோப்பேங் பக்கத்தில் அதே பெயரில் உள்ள சிற்றூர். உருண்டை முகக் குழந்தையை வீட்டார் 'புலாட்' என்று கூப்பிட, அது தேய்ந்து லாட் ஆனது. பதின்மூன்று வயதில், 1964-இல், 'தீகா செகாவான்' என்ற அவருடைய முதல் படக்கதைப் புத்தகம் வெளிவந்தது. மூன்று நண்பர்கள் திருடனைப் பிடிக்கும் கதை. பதிப்பகத்தார் கொடுத்தது 25 வெள்ளி.

நான்கு வருடம் கழித்து, பள்ளிச் சீருடை மாறாத வயதில், 'பெரித்தா மிங்கு' ஞாயிறு இதழில் 'கெலுவார்கா சி மாமாட்' தொடங்கியது. மாமாட்டின் குடும்பம் என்று பொருள். மாமாட் அவருடைய தம்பியின் பெயர். தொடருக்குக் கருவும் தொலைவிலிருந்து வரவில்லை; வீட்டு மனிதர்கள், கம்பத்து (கிராமத்து) மனிதர்கள், பழைய பழக்கத்துக்கும் புதிய நாகரிகத்துக்கும் நடுவே அவர்கள் படும் தவிப்பு. வாரந்தோறும், 26 ஆண்டுகள், 1994 வரை அது வந்தது.

பள்ளி முடித்துக் கோலாலம்பூருக்கு வந்த லாட் 'பெரித்தா ஹரியான்' நாளிதழில் ஓவியர் வேலை கேட்டார். காலியிடம் இல்லை. ஆசிரியர் ஏ. சமாட் இஸ்மாயில் குற்றச் செய்தி நிருபர் வேலை கொடுத்தார். அப்பா கடும் நோயில் கிடந்தார். குடும்பத்துக்குச் சம்பளம் வேண்டும். வந்த வேலையை எடுத்துக்கொண்டார். அதில் அவர் தேறவில்லை. துருவித் துருவிக் கேட்கும் குணம் அவருக்கு இல்லை. ராஜினாமாக் கடிதம் நீட்டியபோது சமாட் திட்டித் திருப்பி அனுப்பினார்.

அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி இந்தச் சில ஆண்டுகள்தான். பகலில் நகரத்தின் விபத்தும் வழக்கும் தேடி அலைச்சல். வாரம் தவறாமல் மாமாட்டின் கம்பம். கண் எதிரே கோலாலம்பூர், காகிதத்தில் ஊர். அந்தத் தொடரை ஊருக்கு எழுதிய கடிதமாகவே என்னால் வாசிக்க முடிகிறது. வீட்டில் இருந்தவரை அவர் கவனிக்காத எத்தனையோ, தூரத்திலிருந்துதான் கண்ணில் பட்டிருக்கும். நிருபராக அலைந்த தெருக்களும் வீண்போகவில்லை. செய்தியாக எழுத வராத முகங்கள் மனதில் தங்கி, பிறகு பேனாவில் இறங்கின.

திருப்பம் 1974 பிப்ரவரியில் வந்தது. ஹாங்காங்கின் 'ஏசியா மேகசின்' மலாய்ச் சிறுவனின் சுன்னத்துச் சடங்கைப் பற்றி அவர் வரைந்த 'பெர்சுனாட்' படங்களை வெளியிட்டது. சுன்னத்துக் கல்யாணத்தின் பயத்தையும் விருந்தையும் மஸ்ஜித் இந்தியாவின் தமிழ் முஸ்லிம் வீடுகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 'நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' தலைமை ஆசிரியர் லீ சியூ யீ படங்களைப் பார்த்து, யார் இந்த ஆள் என்று விசாரித்தார். ஆள் அதே நிறுவனத்தில் குற்றச் செய்தி எழுதிக்கொண்டிருந்தார்! 'மலேசிய வாழ்க்கைக் காட்சிகள்' என்ற பத்தி அவருக்குக் கிடைத்தது. லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைப்பள்ளிக்கு நான்கு மாதம் அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் முழுநேரக் கார்ட்டூனிஸ்ட். 1979-இல் 'கம்போங் பாய்', 1981-இல் 'டவுன் பாய்' புத்தகங்கள் வந்தன.

கையிலிருந்த தொகுப்பை விரித்துக் கூட்டக் காட்சி ஒன்றைப் பார்த்தேன். கறுப்பு மைக் கோடுகள்தான். மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் என்று எத்தனை பேரை ஒரே சட்டத்துக்குள் அடைத்தாலும் ஒரு மூக்கு இன்னொரு மூக்கைப் போல இல்லை. மையத்தில் ஒரு சம்பவம் நடக்க, ஓரத்தில் யாரோ தன் பாட்டுக்கு வேறெதையோ செய்துகொண்டிருப்பார். அந்த ஓரத்து ஆளைத்தான் நான் ஒவ்வொரு படத்திலும் தேடுகிறேன். இரண்டே வளைவில் தோள் சரிவு, நிற்கும் சோர்வு எல்லாம் வந்துவிடுகிறது. நின்று பார்க்காத கைக்கு இது வராது.

பக்கத்துக் கடையில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்தார். ராமநாதபுரத்துக்காரர்; வந்து மூன்று வருடம் ஆகிறதாம்.

"யாருண்ணே வரைஞ்சது? இந்தக் கடைக்காரர் எங்க முதலாளி மாதிரியே இருக்காரே!"

சொன்னேன். நாலைந்து பக்கம் புரட்டினார். ஆற்றங்கரையில் சிறுவர்கள் குதிக்கும் படத்தில் விரல் நின்றது. அதற்குள் அவர் கைப்பேசி அடித்தது. ஊரிலிருந்து மகள். கைப்பேசியைத் திருப்பிப் பிடித்து, பூக்கடை, பள்ளிவாசல், சேலைக்கடைப் பையன் என்று ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். கடைசியாகப் புத்தகத்தை இழுத்து அந்த ஆற்றையும் காட்டினார்.