மார்ச்சில பொறந்த இன்ஜின்

கார் பைத்தியம்னு வீட்டுல எனக்குப் பேரு. அதுவும் 1969 கமாரோ இசட்/28னா கேக்கவே வேணாம். செவர்லே அந்த வருஷம் செஞ்சதே 20,302 வண்டிதான். ஓஹையோவில ஒருத்தர் விக்கிறார்னு தெரிஞ்சதும் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

பெரியவருக்கு எழுபதுக்கு மேல இருக்கும். இருபது வருஷத்துக்கு முன்னாடி வாங்கினாராம். "எல்லா நம்பரும் ஒத்துப்போகும் தம்பி, ஒரிஜினல் இன்ஜின்"னு பெருமையா பானெட்டைத் திறந்தார். வித்த காசு பேத்தியோட காலேஜுக்காம்.

விஷயம் என்னன்னா, அந்த வருஷத்து வின் நம்பரைப் பாத்தா வி8 வண்டி, நார்வுட் ஃபேக்டரியில செஞ்சதுன்னு தெரியும். இசட்/28தானான்னு தெரியாது. சாதா கமாரோவை வேஷம் கட்டி விக்கிறவங்க நிறைய. அதனால இன்ஜின்தான் முக்கியமான சாட்சி.

முன்பக்க முத்திரையில 'டிஇசட்'னு இருந்தது. இசட்/28ஓட 302 கன அங்குல இன்ஜினுக்கான குறி அது. கூடவே ஜனவரி 10ன்னு தேதி. காரோட சீரியல் நம்பரும் சரி. வார்ப்பு எண் 3956618. அதுவும் சரிதான், ஆனா அதே எண் 350 இன்ஜின்லயும் வரும். முத்திரை குத்தின இடம் மட்டும் வழுவழுன்னு இருந்தது. ஃபேக்டரியில இழைச்ச மெல்லிசு கோடுகளைக் காணோம். மனசு திக்குன்னுச்சு.

பிளாக்குக்குப் பின்னாடி கண்ணாடியை விட்டு வார்ப்புத் தேதியைப் பாத்தேன். 'சி 11 9'. ஏ ஜனவரி, பி பிப்ரவரி, சி மார்ச். 1969 மார்ச் 11! மார்ச்சில வார்த்த இரும்பு ஜனவரியிலயே எப்படிங்க இன்ஜின் ஆகும்?

யாரோ பழைய முத்திரையைத் தேய்ச்சுட்டு புதுசா குத்தியிருக்காங்க. அது பெரியவர் வேலை இல்லை. அவரும் ஏமாந்தவர்தான்.

"விலை கட்டுபடியாகலை"ன்னு நழுவியிருக்கலாம். மனசு கேக்கலை, சொல்லிட்டேன். அவர் நம்பலை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கிட்டு அவரே குனிஞ்சு பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். அப்புறம் ஒண்ணும் பேசாம முன்கண்ணாடியில ஒட்டியிருந்த விலை அட்டையைக் கிழிச்சு எடுத்தார்.

திரும்பி வர்ற வழியெல்லாம் காருல பாட்டு போடத் தோணலை. சொன்னது சரிதான்னு புத்திக்குத் தெரியுது. ஆனா அந்தப் பேத்தி முகம் தெரியாமலே கண்ணுல நிக்குதே, என்ன செய்ய?