ஏட்டுச் சுரைக்காய்



எங்கள் மதரஸாவின் விடுதிக்குச் சென்ற ஆண்டு அன்பர் ஒருவர் தம் தோட்டத்திலிருந்து இரண்டு மூட்டை சுரைக்காய் அனுப்பியிருந்தார். அல்லாஹ் அவருடைய பொருளில் பரக்கத் செய்வானாக. மூன்று நாள்கள் தொடர்ந்து சுரைக்காய்ச் சாம்பார்தான். மூன்றாம் நாள் பிள்ளைகளின் தட்டுகளைப் பார்த்தேன். சோறு காலியாகியிருந்தது, விளிம்பைச் சுற்றிச் சுரைக்காய்த் துண்டுகள் மட்டும் வரிசையாக ஒதுங்கிக் கிடந்தன.

எனக்குக் கோபம் வந்தது. லுஹருக்குப் பின் அனைவரையும் அமர்த்தி, அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸை எடுத்துரைத்தேன். தையல்காரர் ஒருவர் தாம் சமைத்த உணவிற்கு நபி (ஸல்) அவர்களை அழைக்கிறார். அனஸ் (ரலி) அவர்களும் உடன் செல்கிறார்கள். வாற்கோதுமை ரொட்டியும், சுரைக்காயும் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியும் சேர்ந்த குழம்பும் வைக்கப்படுகின்றன. நபிகளார் தட்டின் ஓரங்களிலெல்லாம் சுரைக்காயைத் தேடி எடுத்து உண்பதை அனஸ் (ரலி) பார்க்கிறார்கள். அன்றிலிருந்து தமக்கும் சுரைக்காய் பிரியமானதாகிவிட்டது என்கிறார்கள். இமாம் புகாரீ அவர்கள் இதை உணவைப் பற்றிய பாடத்தில் மட்டுமன்றி, வணிகப் பாடத்தில் தையல் தொழிலைக் குறிப்பிடும் இடத்திலும் பதிவு செய்திருக்கிறார்கள். யூனுஸ் (அலை) அவர்களுக்கு நிழல் தர அல்லாஹ் முளைக்கச் செய்த ‘யக்தீன்’ கொடியைச் சுரைக்கொடி என்றே விரிவுரையாளர்கள் பலர் விளக்கியிருப்பதையும் சொன்னேன். “இப்படிப்பட்ட காயையா ஒதுக்குகிறீர்கள்?” என்று குரலை உயர்த்தி முடித்தேன். உரை நன்றாகவே அமைந்தது என்று எண்ணிக்கொண்டேன்.

அஸருக்கு முன் ஒரு சிறுவன் என் அறைக்கு வந்தான். பத்து வயதிருக்கும். என் வீட்டிலிருந்து வரும் மதிய உணவின் தூக்குச்சட்டியைக் கழுவித் தருவது அவன் செய்துவரும் கித்மத். அதைத் துடைத்தபடியே கேட்டான்: “ஹஜ்ரத், உங்களுக்குச் சுரைக்காய் பிடிக்குமா?”

“நபிகளாருக்குப் பிடித்தது நமக்குப் பிடிக்காமல் போகுமா?” என்றேன்.

“இல்ல ஹஜ்ரத், தால்ச்சா வர்ற அன்னைக்கெல்லாம் சுரைக்காய் அப்படியே சட்டியில கிடக்கும். அதான் கேட்டேன்.”

அவன் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். எனக்குத்தான் தலை நிமிரவில்லை. அந்த ஹதீஸை எத்தனையோ ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அறிவிப்பாளர் வரிசையைத் தடுமாறாமல் சொல்வேன். தட்டில் கைக்கு எதிரே இருப்பதை உண்ணுமாறு ஏவிய நபிகளார் இங்கு ஓரங்களில் தேடியது எப்படி என்ற கேள்விக்கும், உடன் உண்பவர் வெறுக்கமாட்டார் என்றிருந்தால் அது ஆகும் என்ற விளக்கத்தைச் சொல்லிக் கொடுப்பேன். ஆனால் சிறு வயது முதல் அந்தக் காயின் வழுவழுப்பு எனக்கு ஒவ்வாது. அதைச் சொல்லாமல் மறைத்ததோடு, சிறுவனிடம் ஒரு கேள்வியைப் பதிலாகக் கொடுத்துத் தப்பித்தும் இருந்தேன். இஸ்திஃபார் செய்துகொண்டேன்.

அன்றிரவு மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். “நீங்க ஒதுக்கி வைக்கிறத இத்தன வருசமா நான்தான் சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்” என்றாள், சாதாரணமாக. பிறகு அடுப்படியைத் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் பாடத்தில் பிள்ளைகளிடம் உண்மையைச் சொன்னேன். எனக்கும் அது பிடிப்பதில்லை. பிடிக்காமல் இருப்பது பாவமும் அல்ல. உடும்பு இறைச்சி வைக்கப்பட்டபோது, அது தம் சமூகத்தாரின் பகுதியில் இல்லாதது என்று நபிகளார் உண்ணாமல் இருந்தார்கள்; அருகில் காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் உண்டார்கள்; தடுக்கவில்லை. நபிகளார் எந்த உணவையும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையெனில் விட்டுவிடுவார்கள். முதல் நாள் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுவே. பிறகு சமையற்கூடத்திற்குச் சென்றேன்.

சமையல்கார பாய் முதியவர், வெட்டிப் பேசுபவர். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆவாது ஹஜ்ரத். வந்தது முத்துன காயி. நாப்பது பேருக்கு நான் தண்ணியத்தான் கூட்டணும்” என்றார். அதில் நியாயம் இருந்தது. பிள்ளைகள் ஒதுக்கியது சுன்னத்தை அல்ல. பஞ்சுபோன்ற நடுப்பகுதியும் விதையுமாகத் தண்ணீரில் வெந்து கிடந்ததை.

அதன் பிறகு அவரிடமும் என் மனைவியிடமும் கேட்டு, நானே சில முறை சமைத்துப் பழகினேன். நகத்தால் இலேசாகக் கீறினால் தோல் இறங்கவேண்டும், அதுவே இளங்காய். முற்றியதாக இருந்தால் நடுப்பகுதியை முழுவதும் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் எடுக்கலாம். எல்லாவற்றுக்கும் முன் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட வேண்டும். கசந்தால் அந்தக் காயை எறிந்துவிடுங்கள். கசப்புச் சுரைக்காய் நஞ்சு. கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், வேகவைத்தாலும் அது நீங்காது. வீண்விரயம் என்று அஞ்சி அதைச் சமைக்கவேண்டாம்.

சுரைக்காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீர்தான். இதை அறிந்தால் பாதிச் சமையல் முடிந்தது. பிரட்டலுக்கு ஒரு சொட்டும் நீர் ஊற்றவேண்டாம். எண்ணெயில் கடுகு, சீரகம், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, சிறு சதுரங்களாக நறுக்கிய காயைப் போட்டு, மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்து மூடிவிட்டால் தன் நீரிலேயே வெந்துவிடும். பிறகு மூடியைத் திறந்து, தீயைக் கூட்டி, நீர் வற்றும்வரை கிளறி, இடித்த மிளகும் இரண்டு கைப்பிடி தேங்காய்த் துருவலும் தூவி இறக்கலாம். நான் வெறுத்த வழுவழுப்பு அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. கூட்டுக்கு, அரைக் கிலோ காய்க்கு ஐம்பது கிராம் பாசிப்பருப்பு போதும். பருப்பு முக்கால் வேக்காடு வந்த பின்னரே காயைச் சேர்க்கவேண்டும். தோலைக் குப்பையில் போடாமல் உளுந்து, காய்ந்த மிளகாய், புளியுடன் வதக்கித் துவையல் அரைப்பது என் மனைவியின் வழக்கம்.

அமெரிக்காவில் வாழும் என் தங்கை மகள், அங்கே மஞ்சள் நிறத்தில் ‘ஸ்குவாஷ்’ என்றொரு காய் மலிவாகக் கிடைக்கிறது, அதுவும் ஹதீஸில் வரும் காய்தானா என்று கேட்டாள். அல்ல. அது அமெரிக்க மண்ணுக்கே உரிய இனம். நபிகளாரின் காலத்து அரபகத்தில் இருந்திருக்க வழியில்லை. ஆனால் ஹலாலான நல்ல காய். தோல் சீவாமல் இதே பிரட்டலை விரைவிலேயே செய்துவிடலாம் என்று சொன்னேன். நன்மையை எண்ணிச் சுரைக்காயைத் தேடி அவள் நெடுந்தொலைவு வண்டி ஓட்ட வேண்டியதில்லை.

என்னை மாற்றியது இவை எதுவும் அல்ல. உப்புக்கண்டம் போட்ட சுரைக்காய் ஆணம். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி இறைச்சியை நீளமாகக் கீறி, மஞ்சளும் உப்பும் தடவி வெயிலில் காயவைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். தையல்காரர் வீட்டுக் குழம்பில் இருந்த உலர்ந்த இறைச்சி ஏறக்குறைய இதுதான் என்பது இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியும் என் மனத்தில் தோன்றவில்லை. உப்புக்கண்டத்தை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசி, குக்கரில் ஐந்து விசில் விட்டு வேகவைக்கவேண்டும். வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சேர்த்து, வெந்த இறைச்சியை அதன் நீரோடு ஊற்றி, பெரிய துண்டுகளாக நறுக்கிய சுரைக்காயைப் போடவேண்டும். காய் கண்ணாடிபோல் ஆனதும் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கலாம். உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்தே சேர்க்கவேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது. இறைச்சியின் சாறு முழுவதையும் காய் குடித்துவிடுகிறது. அதைத் தட்டின் ஓரத்தில் தேடி எடுத்ததன் காரணம் அன்று என் நாவுக்கும் புரிந்தது.

பெருநாள் கழிந்து விடுதிக்கு ஒரு நாள் அதைச் செய்தோம். பாய் உப்புப் பார்த்தார். நான் காய் நறுக்கினேன். தூக்குச்சட்டியை வீட்டிலிருந்து அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளோடு ஸஹனில் அமர்ந்தேன். அந்தச் சிறுவன் எனக்கு எதிரில் இருந்தான். பிஸ்மில்லாஹ் சொல்லி, உப்புக்கண்டத் துண்டுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். சுரைக்காய்த் துண்டு ஒன்றை மட்டும் எடுத்து வாயில் போட்டு மென்றான். மீதியை ஒவ்வொன்றாக என் பக்கம் நகர்த்தினான்.

“ஹஜ்ரத், இது உங்களுக்கு” என்றான்.

நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.