பள்ளி மாடி வைஃபையை வெட்டுவதற்கு முன்...



வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத் கூட்டம். பள்ளிவாசல் மேல்மாடியில் போட்டிருக்கும் இணைய இணைப்பைத் தொடர்வதா, வெட்டுவதா என்று பேசப் போகிறார்கள். பொடியன்கள் அங்கே இருந்து கேம் விளையாடுகிறார்கள், இஷா முடிந்த பிறகும் படிக்கட்டில் போனும் கையுமாக இருக்கிறார்கள் என்பது முறைப்பாடு. அது உண்மைதான். ஊர்ப் பாடசாலையில் படிப்பிக்கும் நாங்களும் கண்ணால் கண்டிருக்கிறோம். அதனால் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. முடிவெடுக்கும் முன் சில விஷயங்களை ஞாபகப்படுத்த விரும்புகிறோம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. திறப்பதும் மூடுவதுமாக அடுத்த வருடமும் போனது. நாங்கள் வாட்ஸ்அப்பில் குறிப்புகள் அனுப்புவோம். பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு டிக் மட்டும்தான் விழும். இரண்டாவது டிக் வர இரவு ஒன்பது, பத்து மணியாகும், வாப்பா கடை பூட்டிவிட்டு போனோடு வீட்டுக்கு வந்த பிறகு. நாலு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போன். அதிலே மூத்தவனுக்குத்தான் முதல் இடம். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி சிக்னல் தேடி உம்மாவோடு தேயிலை மலைக்கு ஏறுவாள். மழை வந்தால் அன்றைக்குப் பாடம் இல்லை. அட்டை கடித்த காலோடு கணக்குக் கேட்ட அந்தப் பிள்ளையை நாங்கள் மறக்கவில்லை.

அது எங்கள் ஊர்க் கதை மட்டுமல்ல. பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவையில் ஆசிரியையும் பிள்ளைகளும் காட்டு வழியே நடந்து பாறை உச்சியில் பாடம் நடத்தியது 2021இல் உலகச் செய்தியானது. நாட்டின் 43 இலட்சம் மாணவர்களில் கூடினால் 40 வீதம் பேர்தான் இணைய வகுப்பில் சேர முடிகிறது என்று இலங்கை ஆசிரியர் சங்கம் அப்போது சொன்னது. மலை நாட்டில் இது இன்னும் கஷ்டம். கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மலை குறுக்கே நின்றால் சிக்னல் வராது. கம்பளை டவுனில் நாலு கோடு காட்டும் போன், எங்கள் பள்ளத்துக்கு இறங்கினால் ஒரு கோடும் காட்டாது. அதனால்தான் ஊரில் பொதுவாக ஓர் இடத்துக்காவது ஃபைபர் எடுக்க வேண்டியிருந்தது.

இதில் நம் பகுதிக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. இளையவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கொத்மலை சமூக வானொலி 1999 அளவில், யுனெஸ்கோவின் உதவியோடு, இணையத்தை ஊர் மக்களுக்குக் கொண்டுவந்தது. அன்றைக்கு வீட்டில் தொலைபேசி இருப்பதே பெரிய விஷயம். மக்கள் கடிதம் எழுதியோ தொலைபேசியிலோ கேள்வி கேட்பார்கள். அறிவிப்பாளர் இணையத்தில் தேடி, பதிலை வானொலியில் சொல்வார். நோய் பற்றிய கேள்வி என்றால் வைத்தியர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளக்குவார்கள். கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் நூலகத்தில் கணினி வைத்து, யாரும் வந்து பாவிக்கலாம் என்று விட்டார்கள். உலகத்தின் பல நாடுகளில் இந்த முயற்சியை உதாரணமாகப் பேசினார்கள்.

அங்கே வேலை செய்தது வயரும் கணினியும் மட்டுமல்ல. பக்கத்தில் இருந்து தேடிக் கொடுக்கவும் விளக்கவும் ஓர் ஆள் இருந்தார். நம் பள்ளி மாடியில் வைஃபை இருக்கிறது, அந்த ஆள் இல்லை. குறை அங்கேதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

இணையத்தால் வரும் தீங்கை நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. 2018 மார்ச்சில் திகனையில் நடந்ததை நாம் பார்த்தோம். பொய்யும் வெறுப்பும் போனில் பரவி, கடைசியில் அரசாங்கம் பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஒரு வாரமளவில் முடக்கியது. அந்த நாட்களில் வெளியூரில் இருந்த பிள்ளையின் சுகம் கேட்கவும் நமக்கு வழி குறைந்தது. வந்த செய்தி உண்மையா என்று பார்க்கத் தெரியாத கைகளில் போன் இருந்ததன் விலை அது. மாடி வைஃபையை வெட்டினால் பிள்ளைகளின் கையில் போன் இல்லாமல் போகப் போவதில்லை. டேட்டா போட வசதி உள்ளவன் இருட்டில் எங்கேயோ இருந்து பார்ப்பான். வசதி இல்லாதவனுக்குப் பாடமும் இல்லை.

போன வருடம் அந்த மாடியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஓ.எல். பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள்களை இறக்கிச் செய்தார்கள். ஏ.எல். முடித்த இரண்டு பேர் பல்கலைக்கழக விண்ணப்பத்தை அங்கே இருந்துதான் நிரப்பினார்கள். முன்பு இதற்குக் கம்பளைக்குப் போய், கொமியூனிகேஷன் கடையில் வரிசையில் நின்று, காசும் கொடுத்து, சில நேரம் பிழையாகவும் நிரப்பி வந்தோம். சவூதியில் இருக்கும் மகனின் முகத்தை வீடியோவில் பார்த்து அழுத ஒரு மூத்தும்மாவும் அந்த மாடிக்கு வந்துதான் பார்த்தார்.

ஆகவே ஜமாஅத்தாரிடம் எங்கள் கோரிக்கை இதுதான். இணைப்பு இருக்கட்டும். அஸருக்குப் பிறகு மஃரிப் வரை பெண் பிள்ளைகளுக்கு, மஃரிபுக்குப் பிறகு இஷா வரை ஆண் பிள்ளைகளுக்கு என்று நேரம் வைப்போம். இஷாவோடு ரௌட்டரை நிறுத்துவோம். கடவுச்சொல்லை மாதா மாதம் மாற்றுவோம். ஒவ்வொரு நாளும் ஒரு பெரியவர் அங்கே இருக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள் ஆசிரியர்கள் நாங்கள் முறை வைத்து வருகிறோம். பெண் பிள்ளைகளின் நேரத்துக்கு எங்கள் டீச்சர்மார் இருவர் சம்மதித்துவிட்டார்கள். மிச்ச நாட்களுக்கு உங்களில் யாராவது பெயர் கொடுங்கள். ஆங்கிலமும் கம்பியூட்டரும் தெரியத் தேவையில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு வாப்பா, ஒரு பெரியப்பா இருக்கிறார் என்பதே போதும்.

செலவை முப்பது வீடுகள் பங்கு போட்டால், ஒரு வீட்டுக்கு மாதம் ஒரு பகல் சாப்பாட்டுப் பார்சலின் காசும் வராது. கீழ்ப் பாதையில் இருக்கும் சிங்களப் பிள்ளைகளும் லயத்துப் பிள்ளைகளும் வந்தால் அவர்களுக்கும் இடம் கொடுப்போம். சிக்னல் இல்லாத பள்ளத்தில்தான் அவர்களும் இருக்கிறார்கள்.

தேயிலை மலைக்கு ஏறிய அந்தப் பிள்ளை ஓ.எல். கணக்கில் சித்தியடைந்தாள், அல்ஹம்துலில்லாஹ். இப்போது அவளுடைய தங்கை பத்தாம் ஆண்டில் இருக்கிறாள். அவளை நாம் மறுபடி மலைக்கு அனுப்ப வேண்டாம்.

வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள், இன்ஷா அல்லாஹ். மாற்றுக் கருத்து இருந்தால் அங்கே முகத்துக்கு முகம் பேசுவோம்.