‘இல்லாத’ யானை

2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃபியூஷன் போன்ற செயற்கை நுண்ணறிவுப் படமாக்கிகளில், வேண்டிய படத்தை விவரிக்கும் தொடராகிய பிராம்ப்ட், டோக்கன் எனப்படும் சிறு துண்டுகளாக உடைந்து எண்களாக மாறுகிறது; இலக்கணத்தைவிடச் சொல்லின் இருப்பே அங்கு மேலோங்குகிறது. ‘யானை இல்லாத கோயில் வாசல்’ என்று ஆங்கிலத்தில் கேட்டாலும் பல வேளைகளில் யானை வந்து நிற்கும். விலக்க வேண்டியவற்றுக்கான தனிப் பெட்டியில் ‘யானை’ என்று இட்டால்தான் பெரும்பாலும் அது விலகும். ஒரு சொல்லின் விளைவை அறிய, படம் உருவாகத் தொடங்கும் தற்செயல் புள்ளிக்கோலமாகிய இரைச்சலைத் தீர்மானிக்கும் ‘சீட்’ என்னும் எண்ணை மாற்றாமல், ஒரு சொல்லை மட்டும் மாற்றிப் பார்ப்பதே முறையான சோதனை. இல்லையேல் வேறுபாடு சொல்லால் வந்ததா, இரைச்சலால் வந்ததா என்பது விளங்காது. ஸ்டேபிள் டிஃபியூஷனின் முதல் பதிப்புகள் பெரிதும் ஆங்கில விவரிப்புகளில் பயின்று, 77 டோக்கன் வரையே ஏற்பவை என்பதால், தமிழில் எழுதினால் ஓரெழுத்தே பல துண்டுகளாகச் சிதறி வரம்பு விரைவில் நிரம்புகிறது, பொருளும் சென்று சேர்வதில்லை. இது உண்மையிலேயே வருத்தத்துக்குரியது. இத்தகைய கருவிகள் தமிழிலும் பயில, படங்களுக்குத் தமிழில் விவரிப்பு எழுதுவோர் பெருக வேண்டும்.