ஃப்ரெடி மீசையை எடுத்தார்... நான் மேடை ஏறினேன்!

"மாப்ள, காலேஜ் டே-ல பி.பி.ஸ்ரீனிவாஸ் பாட்டா? எந்திரிச்சுப் போயிருவாய்ங்கடா!"

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் எங்க கிடாரிஸ்ட் இப்படிக் கத்தினப்ப, பால்கோவா கடைக்காரர் வரைக்கும் திரும்பிப் பார்த்தார். ராஜபாளையம் பஸ் வந்துச்சு. தினமும் ஒரே சீட்டில் உட்கார்ற நாங்க, அன்னிக்கு அவன் முன்னாடி, நான் கடைசி சீட். வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை மட்டும் வழக்கம்போலக் கூடவே வந்துச்சு.

மேட்டர் இதுதான். எங்களுக்கு ஒரு பேண்ட் உண்டு. பெருசா நினைச்சுக்காதீங்க. ஒரு கிடார், ஒரு கீ-போர்டு, வாடகை ட்ரம்ஸ், அப்புறம் தொண்டை. தொண்டை நான். எந்தப் பாட்டா இருந்தாலும் டிஸ்டார்ஷனைப் போட்டு அலறவிட்டாத்தான் எங்களுக்குத் திருப்தி.

எங்கப்பாவுக்கு அதுல ஒரு வார்த்தை புரியாது. ரசனைப் பிரச்னை இல்லை. ஸ்பின்னிங் மில்லில் இருபத்தாறு வருஷம் ஷிப்ட் பார்த்தவர். மெஷின் சத்தம் காதைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுருச்சு. இந்த மாதிரி கேஸில் முதல்ல காணாமப் போறது கீச்சுன்னு இருக்கிற சத்தங்கள்தானாம். போன காது திரும்ப வராதுன்னும் டாக்டர் சொல்லிட்டார். எங்க வீட்டு டி.வி. நியூஸ் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆனா, ஷேவிங் பண்றப்ப மட்டும் அப்பா ஒரு பாட்டை முனகுவார். அறுபதுகள்ல வந்த பி.பி.எஸ். பாட்டு. அலட்டிக்காத, அடங்கின குரல். மிச்சம் இருக்கிற காதும் மூடுறதுக்குள்ள அதை என் குரல்ல அவர் கேட்கணும். கீ-போர்டு மட்டும் போதும். அவ்வளவுதான் என் ஆசை.

இதை ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்றதுக்கு என்னவோ கூச்சம். "சும்மா ஒரு சேஞ்சுக்குடா"ன்னு பொய் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம ஃப்ரெடி மெர்குரி வீடியோ ஒண்ணு பார்த்தேன். 'க்வீன்' பேண்டோட குரல். பார்ஸி வீட்டுப் பிள்ளை. நிஜப்பேரு ஃபரூக் பல்சாரா. ஜான்சிபார்ல பிறந்து, நம்ம மகாராஷ்டிராவுல பஞ்சகனியில ஹாஸ்டல்ல படிச்சவர். அங்கே ஸ்கூல் பசங்களோட சேர்ந்து 'ஹெக்டிக்ஸ்'னு ஒரு பேண்ட், அதுல இவர் பியானோ. (நம்ம ஹாஸ்டல் பேண்டும் இப்படி ஆகும்னு கனவு கண்டா கம்பெனி பொறுப்பல்ல!)

ஸ்டேடியத்தையே அலறவிட்ட மனுஷன், 1987-ல தனியா ஒரு பாட்டு விட்டார். 'தி கிரேட் பிரிடெண்டர்'. 'பிளாட்டர்ஸ்' குழு 1955-ல பாடின பாப் பாட்டு. காதலி போயிட்டா, உள்ளுக்குள்ள நொறுங்கிட்டான், வெளியே சிரிச்சுக்கிட்டு எல்லாம் சரியா இருக்கிற மாதிரி நடிக்கிறான். மேடையில தான் செய்யறதே நடிப்புதான்னு ஃப்ரெடி பேட்டியிலும் சொல்லியிருக்கார். இங்கிலாந்து சார்ட்டில் நாலாவது இடம் வரைக்கும் போச்சு அந்தப் பாட்டு. அந்த வருஷம்தான் அவருக்கு எய்ட்ஸ்னு தெரிஞ்சதும். 1991 நவம்பர்ல இறந்துபோறதுக்கு முந்தின நாள் வரைக்கும் அதை ஊருக்குச் சொல்லலை. இதெல்லாம் தெரிஞ்ச பிறகு அந்தப் பாட்டைக் கேட்டா வேற மாதிரி இருக்கு.

ஆனா என்னை உலுக்கினது வேற. அவரோட அடையாளமே அந்த மீசைதான். வீடியோவுக்காக அதை எடுத்துட்டு பிங்க் கோட் போட்டு நிக்கிறார். பின்னாடி மூணு பெண்கள் ஆடுறாங்க. உத்துப் பார்த்தா மூணுமே ஆம்பளைங்க! ஒண்ணு ஃப்ரெடியே. இன்னொண்ணு அவரோட ஃப்ரெண்ட் பீட்டர் ஸ்ட்ரேக்கர். மூணாவது ஆள் யாருன்னு நினைக்கிறீங்க? ரோஜர் டெய்லர்... க்வீனோட டிரம்மர்! கூட்டாளி தனியாப் பாடுறான்னு முறுக்கிக்காம, விக்கு, லிப்ஸ்டிக்கோட பின்னாடி வந்து ஆடியிருக்கார். பேண்டும் உடையலை. 1989-ல க்வீனோட அடுத்த ஆல்பம் வந்துச்சு.

என் ரோஜர் டெய்லர் பத்து நாளா என்கூடப் பேசலை.

காலேஜ் டே. அப்பா அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டையில வந்து, எல்லாரும் ஒதுங்குற ஸ்பீக்கர் பாக்ஸுக்குப் பக்கத்துச் சேரைத் தேடிப்பிடிச்சு உட்கார்ந்தார். நான் கண்ணை மூடிக்கிட்டு ஆரம்பிச்சேன். பின் வரிசையில ரெண்டு பேர் விசில் அடிச்சு ஓட்டினாங்க. எந்திரிச்சுப் போகலை. பாட்டு பாதியில கண்ணைத் திறந்தா, அப்பா காது மேல கையைக் குவிச்சு வெச்சிருக்கார். ஷேவிங் பண்றப்ப அசையற மாதிரியே உதடு அசையுது. அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு.

முடிச்சுட்டு இறங்கினப்ப, "சவுண்டு இன்னும் கொஞ்சம் வெச்சிருக்கலாம்"னார் அப்பா.

பஸ்ஸில் அவர் ஜன்னல் சீட், பக்கத்துல நான். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் தெரியற நேரம். பின்னாடி சீட்டில் இருந்து ஒரு கை என் தோளைத் தட்டுச்சு.

"ரெண்டாவது சரணத்துல சுருதி இறங்கிருச்சு மாப்ள."

"தெரியும்டா."

"கிடார் இருந்திருந்தாப் பிடிச்சிருக்கலாம்ல?"