வைக்கோல் போர்

போன வாரம் பேரன் லேப்டாப்பில் ஓர் அமெரிக்கப் படம் போட்டான். கஸ் வான் சான்ட் இயக்கிய ‘பாரனாய்ட் பார்க்’. பிளேக் நெல்சன் நாவலிலிருந்து எடுத்தது. 2007-இல் கான் விழாவின் 60-ஆம் ஆண்டுப் பரிசு வாங்கியதாம். பேரனுக்கு ஸ்கேட்போர்டு பைத்தியம், அதற்காகப் போட்டான். தூக்கம் போனது எனக்குத்தான்.

போர்ட்லாண்டு நகரத்துப் பள்ளிப் பையன் அலெக்ஸ். ஓர் இரவு, பழக்கமில்லாத ஒருவனோடு ஓடும் சரக்கு ரயிலில் தொற்றுகிறான். காவலாளி ஓடிவந்து அவனை இறக்கப் பார்க்க, கையிலிருந்த ஸ்கேட்போர்டால் ஒரு வீச்சு. காவலாளி தடுமாறிப் பக்கத்துத் தண்டவாளத்தில் விழுகிறார். அதில் இன்னொரு ரயில் வந்துகொண்டிருக்கிறது.

பையன் பலகையை ஆற்றில் வீசிவிட்டு வந்து குளிக்கிறான். தலைமயிர் வழியே தண்ணீர் கொட்டக் கொட்டப் பறவைகளின் இரைச்சல் ஏறிக்கொண்டே போகிறது. விவாகரத்துக்கு நிற்கும் அப்பா, அம்மா முகங்கள் பெரும்பாலும் கேமராவில் சரியாக விழுவதில்லை. ஒருவர் முதுகு, ஒருவர் மங்கல். அலெக்ஸாக வரும் கேப் நெவின்ஸ் தொழில்முறை நடிகரல்ல. அந்த முகம் எதையும் காட்டிக்கொடுக்காது. நம் படங்களில் என்றால் இதற்குள் மழையில் நின்று கதறியிருப்பான். உள்ளே ஒன்றைப் புதைத்த பிள்ளை கதறாது. வெறிச்சென்று இருக்கும், சொன்ன வேலையைச் செய்யும்.

எனக்குத் தெரியும். ஒன்பதாவது படிக்கையில் சித்தப்பா களத்து வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்து திருட்டு பீடி குடித்தேன். ஆள் வரும் அரவம் கேட்டு, அணைத்தேனா இல்லையா என்று பார்க்காமல் ஓடிவிட்டேன். இருட்டுகிற நேரம் போர் எரிந்தது. மேலே தண்ணீர் ஊற்றியும் உள்ளே கனன்று இரண்டு நாள் புகைந்தது. பழி, மாடு பார்த்துக்கொண்டிருந்த கிழவர் மேல் விழுந்தது. ஊரில் பீடி குடிக்கிறவர் அவர்தானே. நான் இல்லை என்று ஒரு தடவை சொன்னார். அப்புறம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை நெருப்பைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்று அம்மா விபூதி பூசினார். தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்து மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டினார். அவர் ஒருமுறை கையைப் பிடித்து, ‘என்னடா பண்ணினே?’ என்று கேட்டிருந்தால் அன்றைக்கே கொட்டியிருப்பேன். கயிறு நைந்து அறுந்தது. நான் சொல்லவில்லை.

படத்தில் மேசி என்ற தோழிக்குத்தான் அவனுக்குள் ஏதோ இருப்பது தெரிகிறது. துருவாமல், யாருக்காவது கடிதமாக எழுது, அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை என்கிறாள். எழுதுகிறான். கடைசியில் தீயில் போடுகிறான்.

“தப்பிச்சிட்டான்ல தாத்தா?” என்றான் பேரன்.

எங்கே தப்பித்தான் என்று சொல்ல வாயெடுத்தவன், ஐம்பத்தெட்டு வருஷமாக யாரிடமும் சொல்லாத வைக்கோல் போரைச் சொல்லி முடித்தேன். அவன் திட்டவும் இல்லை, சமாதானம் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “அவர் பேரு என்ன?” என்று கேட்டான்.

மாட்டுக்காரக் கிழவர் என்றுதான் கூப்பிடுவோம். பெயரை யாரும் கேட்டதில்லை.