காது சும்மா இருந்த காலம்

தறியில் உட்கார்ந்தவனுக்கு இரண்டு கைக்கும் வேலை உண்டு, இரண்டு காலுக்கும் வேலை உண்டு. கண் இழையை விட்டு அகலக் கூடாது. வாய் பேசலாம், ஆனால் பேச்சு வளர்ந்தால் துணி வளராது. சும்மா கிடப்பது காது ஒன்றுதான். எங்கள் சின்னாளப்பட்டியில் அப்படிச் சும்மா கிடந்த காதுகளுக்கு வேலை கொடுத்தது ரேடியோ.

எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறிகள் இருந்தன. ஒன்றில் அப்பா, இன்னொன்றில் பெரியப்பா. தலைக்கு மேலே மரப்பலகையில் ஒரு வால்வு ரேடியோ. அதற்கு வருடாவருடம் தபால் ஆபீசில் லைசென்ஸ் பணம் கட்டுவார்கள். காலையில் அதைத் திருகினால் சூடேறிக் குரல் வர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் அப்பா மிதியில் கால் வைத்துக் காத்திருப்பார். பாட்டு வந்த பிறகுதான் நாடா ஓடும். தெருவில் வீட்டுக்கு வீடு தறி, வீட்டுக்கு வீடு அதே நிலையம் என்பதால், தண்ணீர்க் குடத்தோடு தெருவைக் கடக்கிற பெண்கள் ஒரு பாட்டை ஒரு வரி விடாமல் கேட்டுக்கொண்டே போவார்கள்.

அந்த நிலையம் திருச்சியும் அல்ல, சென்னையும் அல்ல, கொழும்பு. திண்டுக்கல்லுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் கடலைத் தாண்டி ஏன் காது கொடுத்தார்கள் என்பதற்கு டெல்லியில் ஒரு காரணம் இருந்தது. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு சுருங்கிப்போக, கேட்கிறவர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். தவறு புரிந்து 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்குவதற்குள், எங்கள் ஊசி கொழும்பில் நிலைத்துவிட்டது. அறிவிப்பாளர் என்றால் அப்பாவின் தலைமுறைக்கு மயில்வாகனன். எனக்குக் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும். காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ என்றால் பெரியப்பா இரண்டாவது தார் மாற்றியிருப்பார். கடிகாரம் பார்க்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை.

அப்பாவுக்குப் பாட்டில் ஒரே ஓர் அளவுகோல்தான். தறிக்குச் சேருமா, சேராதா. ராகமோ பாடகரோ இரண்டாம் பட்சம். குழிக்குள் கால் இரண்டும் மாறி மாறி மிதிக்கும். வலது கை கயிற்றைச் சுண்டும், இடது கை பலகையை இழுத்து அடிக்கும். இரண்டிரண்டாக எண்ணுகிற வேலை. அதோடு ஒட்டி நடக்கிற பாட்டு ‘சேரும்’. கால் தயங்கினால் ‘சேராது’. சோகப் பாட்டுக்கு அடி மெதுவாக விழும், துணி நெகிழும் என்று பெரியப்பா சொல்வார். டி.எம்.எஸ்ஸின் தத்துவப் பாட்டு வந்த நேரத்தில் நெய்த துணியைத் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று சவால்விடுவார். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

நான் 1966-ல் பிறந்தவன். எனக்குப் பத்து வயதில், 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் கல்யாண வீட்டு ரேடியோ செட்டுகளில் இந்திப் பாட்டு கொடிகட்டிப் பறந்தது. ‘ஆராதனா’, ‘பாபி’ ரெக்கார்டுகள் தேயத் தேய ஓடின. அர்த்தம் தெரியாமலே நாங்களும் முனகினோம். ‘அன்னக்கிளி’ வந்த வெயில் காலத்தில், எங்கள் தெருவில் ஒரு கல்யாணத்துக்குக் கட்டிய குழாயிலிருந்து எஸ். ஜானகியின் குரல் புதுவிதமாக வந்தது. அப்பா தறியை நிறுத்தினார். பாட்டுக்காக அவர் தறியை நிறுத்தி நான் பார்த்தது அன்றுதான்.

“யார்றா மியூசிக்கு?”

யாருக்கும் தெரியவில்லை. பண்ணைப்புரத்துக்காரர் என்று இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. அப்போது சின்னாளப்பட்டியும் பண்ணைப்புரமும் ஒரே மதுரை மாவட்டம். “நம்ம பக்கத்தாளு” என்றார் அப்பா. அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடம் இல்லை. ஆனாலும் சாகும்வரை அவருக்கு விஸ்வநாதன்-ராமமூர்த்திதான். இளையராஜாவை அவர் மதித்தார். விஸ்வநாதனை மிதித்தார், அதாவது காலால் தாளமிட்டார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

எங்கள் ஊரில் நாடா என்றால் தறியில் ஓடுவது. எண்பதுகளில் இன்னொரு நாடா வந்தது. திண்டுக்கல்லில் ஒரு ரெக்கார்டிங் கடை. வெள்ளைத்தாளில் பாட்டுகளை எழுதி, அறுபது நிமிடக் கேசட்டோடு கொடுத்தால் நான்கு நாளில் பதிந்து தருவார்கள். பஸ்ஸுக்கு வைத்திருந்த காசைக் கேசட்டுக்குக் கொடுத்துவிட்டு, அம்பாத்துரை வழியாக நடந்து வந்திருக்கிறேன். பக்கத்துக்கு ஆறேழு பாட்டு கொள்ளும். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடும். என்னிடம் இருந்த ஒரு கேசட்டில் ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு இரண்டாம் சரணத்தின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில் நின்றுபோகும். இன்று அதே பாட்டை முழுசாகக் கேட்கிறபோதும் அந்த இடம் வந்தால் என் காது ‘டக்’ என்ற சத்தத்துக்குத் தயாராகிவிடுகிறது. பாட்டு அறுபடாமல் மேலே போனால் சின்ன ஏமாற்றம். நாற்பது வருடமாகியும் அந்த அறுந்த பாட்டைத்தான் என் காது அசல் என்று நம்புகிறது.

1989-ல் எனக்கு 23 வயது. அந்த ஆண்டுதான் ‘கரகாட்டக்காரன்’ வந்து மதுரையில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. நான் அப்பாவின் தறியில் உட்கார்ந்திருந்தேன். ரேடியோ இருந்த பலகையில் டேப் ரெக்கார்டர் ஏறியிருந்தது. அதே 1989-ல் அமெரிக்காவில் மாரிஸ் ஹோல்ப்ரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரண்டு பேர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. வெவ்வேறு வயதுக்காரர்களை உட்காரவைத்து, பல பத்தாண்டுகளின் பாட்டுகளைப் போட்டுக்காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு ஏறத்தாழ இருபத்து மூன்றரை வயதிருக்கும்போது வெளிவந்த பாட்டுகள்தான் அவருக்கு அதிகம் பிடிக்கின்றன என்று கணக்கு வந்தது. அதைப் படித்ததும் யாரோ என் வீட்டுக் கூரையைப் பிரித்துப் பார்த்தது போல் இருந்தது.

ஆனால் எனக்கு அந்தக் கணக்கில் ஒரு சந்தேகம் உண்டு. என் ரசனை இருபத்து மூன்றரையில் நின்றது உண்மை. அது வயதினால் நின்றதா?

1990 தை மாதம் நான் தறியை விட்டேன். சின்னாளப்பட்டுக்கு ஒரு காலத்தில் இருந்த பவிசு போய்விட்டது. சுங்குடிக்குச் சாயம் போடுகிறவர்களுக்கு இருந்த வேலைகூட நெய்கிறவனுக்கு இல்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் சேர்ந்தேன். நெய்கிற ஊரிலிருந்து நூற்கிற ஊருக்குப் போனதில் நூல் அறுபடவில்லை என்று சிரித்துக்கொண்டேன். முதல் நாள் ஷெட்டுக்குள் நுழைந்தபோது சிரிப்பு நின்றது. ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே நேரத்தில் சுற்றுகிற சத்தம். பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் வாயசைவுதான் தெரியும். கையசைத்தும் விரல் காட்டியும் பேசிக்கொள்வோம். பழையவர்கள் கீழே கிடக்கிற கழிவுப் பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்வார்கள். நானும் வைத்துக்கொண்டேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டவன் என்று வசவாகச் சொல்வதை நான் சம்பளத்துக்குச் செய்தேன், 34 வருடம்.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் காதுக்குள் கதிர் சுற்றிக்கொண்டே இருக்கும். ரேடியோ பாடினால் அணைக்கச் சொல்வேன். 1992-ல் ‘ரோஜா’ வந்தது. ஊரே பேசியது. டீக்கடையில் அந்தப் பாட்டுகள் என்னைக் கடந்து போயின, உள்ளே வரவில்லை. ஏ.ஆர். ரகுமானைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும், தூரத்து ஊரைப் பற்றிப் படித்துத் தெரிந்திருப்பது போல. ஒரு பாட்டாவது எந்த மழைக்கு, எந்தச் சண்டைக்கு, எந்த அடை வாசனைக்கு நடுவில் கேட்டது என்று என்னால் சொல்ல முடியாது. “அப்பாவுக்கு ரகுமானே தெரியாது” என்று என் மகள் தோழிகளிடம் சொல்லிச் சிரிப்பாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

ஆக, ஆய்வாளர்கள் வயதைப் பார்க்கிறார்கள். நான் காதின் ஓய்வைப் பார்க்கிறேன். இளமையில் பாட்டு ஏறுவது நரம்பு முறுக்கால் மட்டுமல்ல. அந்த வயதில் காதுக்குச் சும்மா இருக்க நேரம் இருக்கிறது. ஒரே பாட்டை நூறு முறை கேட்க அது அலுப்பதில்லை. பிறகு தவணை, ஷிப்ட், ஆஸ்பத்திரி, பிள்ளையின் ஃபீஸ் என்று ஒவ்வொன்றாக வந்து காதில் உட்கார்ந்துகொள்கின்றன. பாட்டு வாசலில் நிற்கிறது. இந்தக் காலத்துப் பாட்டெல்லாம் சத்தம் என்று அப்போது சொல்லிவிடுகிறோம். நான் சொன்ன சத்தம் ஆலையுடையது, பழி அனிருத்துக்கு.

இன்னொரு பிசகும் உண்டு. எண்பதுகளின் நடுவில் இளையராஜா ஆண்டுக்கு நாற்பது படங்களுக்கு மேல் இசையமைத்தார். படத்துக்கு ஐந்து பாட்டு என்றாலும் இருநூறு. அதில் ஓர் ஆண்டுக்கு எத்தனை நம் நினைவில் இருக்கிறது? இருபது? முப்பது? மிச்சத்தைக் காலம் சலித்துக் கீழே போட்டுவிட்டது. சலித்து நின்ற மணியை, இன்று காலை களத்தில் கொட்டிய நெல்லோடு வைத்து எடை போடுகிறோம்.

2024-ல் 58 வயது முடிந்து வீட்டில் உட்கார்ந்தேன். காது மறுபடி சும்மா ஆனது. அந்தப் பிப்ரவரியில் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் வந்தது. எங்கள் மாவட்டத்துக் கொடைக்கானலில், குணா குகையில், 2006-ல் விழுந்த ஒரு பையனை நண்பனே இறங்கி மீட்ட கதை. 1991-ல் வந்த ‘குணா’வின் பாட்டு அதில் வருகிறது. என் மகளுக்கு 25 வயது. தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வேலைக்குப் போய்வருகிறாள். அந்த ஒரு மணி நேர ஜன்னலோரம்தான் அவளுடைய தறி. அவள் என்னையும் தியேட்டருக்கு இழுத்துப் போனாள். பாட்டு வந்த இடத்தில், அது வந்தபோது பிறந்தே இருக்காத பிள்ளைகள் எழுந்து கத்தினார்கள். ‘குணா’ வந்தபோது நான் ஆலைக்குப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. என் காலத்துப் பாட்டு என்று எல்லோரும் நினைத்த அதை, உண்மையில் நான் அன்றுதான் முழுசாகக் கேட்டேன். மகளுக்கோ அது மனப்பாடம்.

“ஒனக்கு எப்படிம்மா தெரியும்?”

“அம்மா கிச்சன்ல கோடை எஃப்எம் வச்சிருப்பாங்கள்லப்பா. நீங்க ஷிப்ட்டுக்குப் போனதுமே போட்ருவாங்க.”

இதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. 2013-ல் கரோல் கிரம்ஹான்ஸல் என்ற உளவியலாளரும் அவருடைய துணை ஆய்வாளரும் கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கு 1955-லிருந்து 2009 வரை வந்த பாட்டுகளைப் போட்டுக்காட்டினார்கள். தங்கள் காலத்துப் பாட்டோடு, தங்கள் பெற்றோர் இளமையில் கேட்ட பாட்டுகளிலும் அந்தப் பிள்ளைகளுக்குத் தனி ஒட்டுதல் இருந்தது. நான் அணைக்கச் சொன்ன ரேடியோவை என் மனைவி எனக்குத் தெரியாமல் மகளுக்குச் சீதனமாகச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

என் அம்மாவின் ஞாபகம் வந்தது. ஒரு பாவு நெய்து முடிந்ததும் புதுப் பாவைத் தனியாக ஏற்றிவிட முடியாது. பழைய பாவின் நுனி அச்சிலும் விழுதிலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் அந்தப் பழைய நுனியோடு பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அம்மா விரலில் துளி சாம்பல் தொட்டு, இரண்டு நுனிகளைச் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்குவார், அடுத்தது, அடுத்தது. நாள் முழுக்க ரேடியோவும் அவரும். பிணைத்து முடித்ததும் பழைய நுனி புதுசை இழுத்துக்கொண்டு அச்சைத் தாண்டும். பழைய நுனி சேலையில் வராது. யாரும் அதை உடுத்தப் போவதில்லை. ஆனால் அதை முன்கூட்டியே அறுத்து எறிந்துவிட்டால், ஒவ்வோர் இழையாக விழுதில் கோத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் தன் போனில் எனக்குப் பாட்டு போட்டுக்காட்டுகிறாள். பெரும்பாலும் ஒட்டுவதில்லை. பொய் சொல்லிப் பிடிக்கவில்லை என்றால் கண்டுபிடிப்பாள். பிடிக்கிறது என்றாலும் கண்டுபிடிப்பாள். போன வாரம் சந்தோஷ் நாராயணன் இசையில் ஒன்று. நடுவில் தெருவில் சாவுக்கு அடிப்பது போல ஓர் அடி. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்ததும் அவள் கீழே பார்த்துச் சிரித்தாள். கட்டிலுக்குக் கீழே என் இரண்டு கால்களும் மாறி மாறித் தரையை மிதித்துக்கொண்டிருந்தன.

“என்னப்பா, பிடிச்சிருக்கா?”

“சேரும்” என்றேன்.

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வீட்டில் தறி இருந்த குழியை மூடி, சிமெண்டு பூசி, அதன்மேல்தான் அந்தக் கட்டிலைப் போட்டிருக்கிறோம்.